சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்: மண்டபம் முகாமின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

மணிமேகலைக் காப்பியத்தின் 19ஆம் காதை சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை எனப் பெயர் பெறும். காயசண்டிகையின் வடிவில் இருந்த மணிமேகலை, அமுதசுரபியை ஏந்திப் புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்துள் புகுந்து, அங்குப் பசியால் வாடியவர்க்கு உணவளித்தாள். காவலர் இதனை வேந்தனுக்கு அறிவித்தனர். வேந்தன் அவளை வரவழைத்து, வேண்டுவது யாது என வினவினான். சிறையை அறச்சாலையாக ஆக்குதல் வேண்டும் என்பதே அவள் விடையாயிற்று. வேந்தனும் அதற்கு இசைந்தான்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் எடுத்துக்காட்டுவர். ஆயின், அதனுள் அமைந்த முறைவைப்பைக் கருதியவர் சிலரே. முதலில் சிறையில் இருந்தவர் பசி நீங்கினர்; அடுத்து அவர்கள் விடுதலை பெற்றனர்; அதன் பின்னரே அக்கட்டடம் புத்தன் கோயிலாகவும், அறவோர் உறையும் பள்ளியாகவும், சோறு ஆக்கும் சாலையாகவும், உண்ணும் சாலையாகவும் மாறிற்று. உள்ளிருந்தாரை அங்கேயே வைத்துக்கொண்டு கட்டடத்தின் பெயரை மட்டும் மாற்றியதாகப் புலவர் பாடவில்லை.

இம்முறைவைப்பை அளவுகோலாகக் கொண்டு, இராமநாதபுரக் கடற்கரையில் உள்ள மண்டபம் முகாமின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மண்டபம் முகாம் சட்டத்தின் கண்ணில் ஒருநாளும் சிறையாக இருந்ததில்லை. எனினும், குற்றம் ஏதும் செய்யாத மக்களை வேலியிட்டு நிறுத்திவைப்பதற்கென அது எழுந்தது. தன் பணியை இழந்து ஓய்ந்தது. பின்னர் மறுவாழ்வு என்னும் பெயரோடு மீண்டும் திறக்கப்பட்டது. அடைப்பிடம் ஒன்று மறுவாழ்விடமாக மாறுவது எப்போது, மாறாமல் நிற்பது எப்போது என்பதை அறிய இதனினும் ஏற்ற சான்று இம்மாவட்டத்தில் இல்லை எனலாம்.

சிறை என்னும் சொல்லும் திருத்தங்கால் நிகழ்ச்சியும்

சிறை என்னும் சொல்லுக்குத் தடுத்தல், காத்தல் என்னும் இரு பொருளும் தொன்றுதொட்டு உண்டு. பாய்ந்துவரும் நீரைத் தடுக்கும் கல்லணையைக் கற்சிறை எனத் தொல்காப்பியம் வழங்கும். அணை நீரைத் தடுப்பது, அதனை அழித்தற்கன்று. உரிய காலத்தில் வயலுக்கு விடுதற்கே. கண்மாய்களை நம்பி வாழும் இராமநாதபுரச் சீமையில் இதனை விளக்கவும் வேண்டுவதில்லை. மடை இல்லாத கரை ஒருநாள் உடைந்தே தீரும்.

சிறை திறந்த செய்தி ஒன்று இம்மாவட்டத்தின் பழைய எல்லையோடு நேரே தொடர்புடையது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் என்பான் தங்கால் என்னும் ஊரினன். அவ்வூர், 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்து இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த திருத்தங்கால் எனக் கொள்ளப்படுகிறது. வழிப்போக்கன் ஒருவன் அவன் மகனுக்கு அளித்த அணிகலன்களைக் கண்ட அரசனின் ஏவலர், அவை அரசனுக்குரிய புதையல் என ஐயுற்று வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி புலம்பி அழுதாள். கொற்றவையின் கோயிற்கதவு திறவாது நின்றது. பாண்டியன் உண்மை உணர்ந்து, அவனை விடுவித்து, தங்காலோடு வயலூரையும் அளித்தான். நாட்டிலுள்ள சிறைக் கோட்டங்களையும் திறக்குமாறு ஆணையிட்டான்.

இங்கு நாம் கொள்ளத்தக்க கருத்து இரண்டு. ஒன்று, குற்றமில்லாத ஒருவனை அடைத்துவைத்தது ஊர் முழுவதற்கும் உரிய பழியாகக் கருதப்பட்டது. மற்றொன்று, விடுவித்தலோடு அரசன் அமையவில்லை. விடுதலை பெற்றவன் வாழ்வதற்கு நிலத்தையும் சேர்த்தே வழங்கினான்.

புதிய காலத்துச் சிறைச் சீர்திருத்தம்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் இந்தியச் சிறைகளுக்கு ஒரு பொதுவடிவம் தந்தது. அச்சட்டம் காவலையும் ஒழுங்கையுமே பெரிதும் பேசியது. 1919–20இல் அமைந்த இந்தியச் சிறைக் குழு, கைதியைத் திருத்துவதும் சிறையின் நோக்கமாதல் வேண்டும் என்று உரைத்தது. இளங்குற்றவாளிகளுக்குத் தொழில் கற்பிக்கும் போர்ஸ்டல் பள்ளிகளுக்கென 1925இல் சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பாளையங்கோட்டைச் சிறைச்சாலை இதன்வழிப் பல ஆண்டுகள் போர்ஸ்டல் பள்ளியாக இயங்கி, 1968இல் மீண்டும் மத்திய சிறையாக ஆயிற்று. கட்டடம் இருபுறமும் மாறவல்லது என்பதற்கு இஃது ஒரு சான்று. சிறை பள்ளியாகலாம், பள்ளி மீண்டும் சிறையாகலாம். ஆகவே, மாற்றம் சுவரில் நிலைகொள்வதன்று என்பது பெறப்படும்.

மண்டபம்: அடைப்பிடத்தின் தோற்றம்

இலங்கையின் மலைநாட்டில் முதலிற் காப்பித் தோட்டங்களும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் பெருகியபோது, வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் மக்களைத் திரட்டிச் சென்றனர். தொடக்கத்தில் அம்மக்கள் கடற்கரை வரை நடந்தும், தோணியில் மன்னார்க் கரையை அடைந்தும், அங்கிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தும் சென்றனர். வழியிலேயே மாண்டவர் பலர். பின்னர்த் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வழி ஏற்பட்டது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு தங்கல் முகாம் அமைந்தது.

1914 பிப்பிரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை புகைவண்டியும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாகப் புதிய பாதை உருவாயிற்று. இதனை அடுத்த சில ஆண்டுகளில் மண்டபம் முகாம் எழுந்தது. நிலம் இந்தியாவினது, முகாமை நடத்தியதோ இலங்கை அரசாங்கம். கொள்ளைநோயும் வாந்திபேதியும் அம்மையும் தன் தீவுக்குள் நுழைந்துவிடாமல் தடுக்க, அவ்வரசாங்கம் அயல்மண்ணிலேயே ஒரு காவல் நிலையை ஏற்படுத்திக்கொண்டது.

அங்கு நிகழ்ந்தது யாது என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளர் ஏறத்தாழ ஒரு வாரம் அங்கு நிறுத்திவைக்கப்பட்டனர். அவர்கள் குளிப்பாட்டப்பட்டனர், அவர்தம் துணிகள் நீராவியில் இடப்பட்டன. அம்மைப்பால் குத்தப்பட்டது, கொக்கிப்புழு நோய்க்கு மருந்து தரப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் தகர வில்லையைத் தொழிலாளர்க்கு அளிக்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. உணவும் மருந்தும் கிடைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. நோயால் இறப்போர் தொகை குறைந்தது என்பதும் உண்மையே. ஆயினும் முதல் வகுப்பிற் பயணம் செய்வோர்க்கு அந்த வேலி இல்லை. கூலி என்னும் பெயரைப் பெற்றவர்க்கே அது போடப்பட்டது. அடைக்கப்பட்டவர் செய்த குற்றம் வறுமை ஒன்றே.

முதற்பணி ஓய்தல்

1939ஆம் ஆண்டில் இலங்கையில் இந்தியத் தொழிலாளர்க்கு எதிரான நடவடிக்கைகள் தோன்றியபோது, தொழிற்பயிற்சி இல்லாத கூலித் தொழிலாளர் அங்குச் செல்வதை இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஆகத்து முதல் நாளிலிருந்து தடைசெய்தது. மண்டபம் முகாமின் முதற்பணி அதனோடு தளர்ந்தது. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக அத்தீவில் உழைத்த தோட்டத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவர் ஆக்கிற்று. ஆளைத் திரட்டி அனுப்பும் காலம் முடிந்து, அனுப்பியவரை யார் ஏற்பது என வழக்காடும் காலம் தொடங்கியது.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபம் முகாம்ப் பகுதியில் தலைமையகம் கொண்டிருந்தது. இவ்வூர்ப் பகுதிக்கும் அதன் புகைவண்டி நிலையத்துக்கும் மண்டபம் முகாம் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு வார காலத் தங்கலுக்கென ஏற்பட்ட சொல் ஊர்ப்பெயராய் நிலைபெற்றமை கருதத்தக்கது.

மீண்டும் திறத்தல்: தாயகம் திரும்பியோர்

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாத்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வதென்றும் வகுக்கப்பட்டது. 1974இல் அவ்வெச்சத்தையும் இரு நாடுகளும் 75,000 வீதம் பகிர்ந்துகொண்டன. மக்களைத் தொகையாகப் பங்கிட்ட இவ்வொப்பந்தத்தில் அம்மக்களின் கருத்துக்கு இடம் மிகச் சிறிதே.

ஒப்பந்தம் நிறைவேறி இரண்டு திங்கள் கழியுமுன், 1964 டிசம்பர் 22, 23ஆம் நாள்களில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. புகைவண்டி ஒன்று பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. கப்பற் போக்குவரவு இராமேசுவரத்துக்கு மாறியது. தாயகம் திரும்புவோர் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமை அடைந்து, அங்கிருந்து தத்தமக்கு ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். பாட்டன் கடல் கடக்கக் காத்திருந்த இடத்திலேயே பேரன் ஊர் தேடிக் காத்திருந்தான். முகாம் மீண்டும் திறக்கப்பட்டது. இம்முறை அதன் நோக்கம் மறுவாழ்வு எனப்பட்டது.

அரசாங்கம் மறுவாழ்வுக்கெனச் செய்த முயற்சிகள் குறைத்து மதிப்பிடத்தக்கன அல்ல. 1968இல் நீலகிரிப் பகுதியில் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரப்பர்த் தோட்டங்களில் சிலர் அமர்த்தப்பட்டனர். நூற்பாலைகள் சிலருக்கு வேலை தந்தன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்க்கு உதவ 1969இல் சென்னையில் ஒரு கூட்டுறவு வங்கி தோன்றியது. இரெப்கோ வங்கி என அஃது இன்றும் வழங்குகிறது.

இவற்றுள் எது பயன் தந்தது, எது தரவில்லை என்பதே நம் ஆய்வுக்கு உரியது. தேயிலை அறிந்தவர்க்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தபோது, கூலி குறைவாயினும் வாழ்வு ஒருவாறு வேரூன்றியது. அவர்தம் கையில் இருந்த தொழிலுக்கு மதிப்பு இருந்தது. மிகப் பலருக்கோ வணிகக் கடன் என்னும் பெயரிற் சிறுதொகை தரப்பட்டு, அறியாத ஊரில் கடைவைத்துப் பிழைக்குமாறு கூறப்பட்டது. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர் சமவெளிச் சந்தையில் வாங்கி விற்கும் திறனை யாரிடம் கற்றனர்? கற்பித்தவர் எவருமிலர். கடன்தொகை கரைந்தது, குடும்பங்கள் மலைநோக்கி நகர்ந்தன. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்கள் மீண்டும் கூலிகள் ஆயினர். கொடைக்கானல் மலைக்காடுகளிற் சிலர் கொத்தடிமை நிலைக்கு ஆளானமை 1980களில் வெளிப்பட்டது. தொழிற்பயிற்சி இல்லாத மறுவாழ்வுத் திட்டம், மக்களை ஒரு தோட்டத்திலிருந்து விடுவித்து மற்றொரு தோட்டத்தின் வாயிலில் விட்டுவந்தது எனல் தகும்.

மூன்றாம் முறை திறத்தல்: ஏதிலியர்

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தனர். மண்டபம் முகாம் அவர்களைப் பதிவுசெய்து பிற மாவட்டங்களுக்கு அனுப்பும் வாயிலாகவும், பலர்க்கு நீண்டகால உறைவிடமாகவும் ஆயிற்று. 1990இலும் 2006இலும் போர் மூண்டபோதெல்லாம் வருகை பெருகியது. 2022இல் இலங்கையின் பொருளாதாரம் நிலைகுலைந்தபோதும் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறங்கியவர் இம்முகாமுக்கே கொண்டுவரப்பட்டனர்.

முகாமில் உதவித்தொகையும் அரிசியும் கிடைத்தன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவு திறந்திருந்தது. இது தமிழ்நாட்டின் பெருந்தன்மைக்கு அடையாளம். அதே வேளையில், குறித்த நாளில் முகாமில் இருந்து கணக்குக் காட்டுதலும், வெளியூர் சென்று தங்குவதற்கு இசைவு பெறுதலும் அம்மக்களின் வாழ்வை வரையறுத்தன. தொழில் கற்றவனுக்கும் தொலைவிலுள்ள வேலையை ஏற்பது அரிதாயிற்று.

இந்நிலையில் ஏதிலியரே தம்முள் ஒன்றுபட்டு மேற்கொண்ட முயற்சி ஒன்றைக் குறிப்பிடுதல் கடமையாகும். தந்தை செல்வா எனப் போற்றப்பட்ட சா. ஜே. வே. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தோற்றுவித்தார். கல்வி, உடல்நலம், தொழிற்பயிற்சி ஆகியவற்றை அக்கழகம் முகாம்களுக்குள் கொண்டுசென்றது. முகாமில் வாழ்பவரே முகாமில் வாழ்பவர்க்குக் கற்பித்தனர். என்றேனும் நாடு திரும்பும் மக்கள் வெறுங்கையராய்த் திரும்பலாகாது என்பதே அதன் அடிக்கருத்து. வேலிக்குள் இருந்தவாறே வேலிக்கு வெளியே உள்ள வாழ்வுக்குத் தம்மை ஆயத்தம் செய்தமையால் இம்முயற்சி சிறப்புடையதாகிறது.

2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயரிட்டு, வீடுகளைப் புதுப்பித்தல், கல்வி, திறன் பயிற்சி முதலியவற்றுக்கென 317 கோடி ரூபாய் அளவில் நலத்திட்டங்களை அறிவித்தது. பெயர்மாற்றம் சிறிய செயலன்று. இழிவைச் சுட்டிய சொல் ஒன்று அகன்றது. ஆயினும், குடியுரிமை வழங்கும் அதிகாரம் மாநில அரசினிடம் இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தோரை உள்ளடக்கவில்லை. அதே ஆண்டு, திருச்சிராப்பள்ளி வட்டார முகாம்களில் வாழ்ந்த இந்திய வழித்தோன்றல்கள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்தம் குடியுரிமை வேண்டுகோளை ஆராய்ந்து முடிவுசெய்யுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. இவர்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத் தொழிலுக்குச் சென்றவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

திறந்தவெளிச் சிறை: ஓர் ஒப்பீடு

பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் உட்பகுதியில், இன்று சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த காளையார்கோவிலுக்கு அருகே, புரசடை உடைப்பு என்னும் ஊர் உளது. அங்கு 2010களின் முற்பகுதியில் திறந்தவெளிச் சிறை ஒன்று தொடங்கப்பட்டது. கோவைச் சிங்காநல்லூரிலும் சேலத்திலும் இவ்வகைச் சிறைகள் முன்னரே உண்டு. 1955இல் ஜெனீவாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு இம்முறையை உலகுக்குப் பரிந்துரைத்தது. புரசடை உடைப்பில் எண்பது ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், நன்னடத்தையால் தேர்ந்தெடுக்கப்பட்ட தண்டனைக் கைதிகள் உயர்ந்த மதில் இன்றி உழவும் கால்நடை வளர்ப்பும் மேற்கொள்கின்றனர். அங்கும் எண்ணிக்கை எடுத்தல் உண்டு, காவலும் உண்டு. ஆயினும் அங்குக் காவலின் அடிப்படை, ஓடமாட்டான் என்னும் நம்பிக்கையாகும்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் ஒரு முரண்பாடு புலப்படும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர்க்கு மதிலில்லாத நிலமும், தொழிலும், நன்னடத்தையால் விடுதலை நோக்கிச் செல்லும் ஒரு சட்ட வழியும் உள்ளன. குற்றமே செய்யாது கடல்கடந்து வந்தவர்க்கு உணவும் வீடும் உண்டு. ஆனால் அவர்தம் காத்திருப்பு எந்நாளில் முடியும் என்பதை உரைக்கும் ஏடு எதுவும் இல்லை. கைதியின் முன் ஒரு வாயில் இருக்கிறது. ஏதிலியின் முன் வாயில் இருந்தும் அதற்கு அப்பால் நாடு இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் அடைப்பிடம் மறுவாழ்விடமாக மாறுதற்கு மூன்று இன்றியமையாதன என்பது பெறப்படும். முதலாவது, உள்ளிருப்பவர்பால் நம்பிக்கை. புரசடை உடைப்பு இதனைக் காட்டுகிறது. இரண்டாவது, அவர் அறிந்த தொழிலுக்கு மதிப்பும் அறியாத தொழிலுக்குப் பயிற்சியும். நீலகிரித் தேயிலைத் தோட்டமும் தோல்வியுற்ற வணிகக் கடனும் இதனை இருவேறு வகையாற் காட்டுகின்றன. மூன்றாவது, வெளியேறி நிற்பதற்கு ஓர் இடமும் உரிமையும். வார்த்திகனுக்கு அளிக்கப்பட்ட ஊர்கள் இதனைக் காட்டுகின்றன. மண்டபம் முகாம் மும்முறை திறந்தும் இம்மூன்றும் ஒருங்கே அமைந்த காலம் ஒன்றும் அதன் வரலாற்றில் இல்லை.

மூடிக்கிடக்கும் கிளைச் சிறைகளையும் பழைய முகாம்களையும் தொழிற்பயிற்சி நிலையங்களாகத் திறத்தல் நன்று என்பார் கூற்றை நாம் மறுக்கவில்லை. தறியும் தச்சுப்பட்டறையும் கணிப்பொறியும் அங்கு வரட்டும். ஆயின், பயிற்சி பெற்றவன் எந்நாளில், எவ்வூருக்கு, எந்த உரிமையோடு செல்வான் என்பதையும் திறக்கும் நாளிலேயே வகுத்துவிடுதல் வேண்டும்.

மணிமேகலைக் காப்பியமே இதற்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. சிறையை அறச்சாலையாக்கிய அதே நகரத்தில், அதே வேந்தனின் ஆட்சியில், உதயகுமரன் கொலையுண்ட பின் மணிமேகலையே காவலில் வைக்கப்பட்டாள். 23ஆம் காதை அவள் சிறைவிடு பெற்றதைக் கூறுவது. ஒரு கோட்டம் திருந்தியும் அடைத்துவைக்கும் மனம் அந்நகரில் முற்றும் திருந்தவில்லை என்பதைப் புலவர் மறைக்காமற் காட்டினார். மண்டபத்தின் வேலியைக் கடந்து மீண்டும் ஒரு தலைமுறை பள்ளிக்குச் சென்று வருகிறது. அத்தலைமுறைக்கு நாம் தரவேண்டியது புதிய பெயர்ப்பலகையோடு நின்றுவிடுவதன்று. தாம் கற்ற தொழிலை எவ்வூரிலும் இசைவு கேளாது செய்யும் உரிமையும் அதனுள் அடங்கும். அந்நாளிலேயே அம்முகாம் அறக்கோட்டம் என்னும் பெயருக்கு உரியதாகும்.